ஆச்சு

கயிற்றைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டு என் மனைவி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் இருந்தேன். அறுபது மீட்டர் கயிறு, நீலத்தில் மஞ்சள் புள்ளி, கடையில் சுற்றிக் கொடுத்தபடியே இருந்தது. நடுவில் ஒரு தாள் பட்டை. அதில் நீளம், எடை, தயாரித்த மாதம் எல்லாம் அச்சடித்திருந்தது. பட்டை கிழியவில்லை.

"அம்மா வீட்டுல தம்பி ரூமைப் பெருக்கினேன். கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. வாங்கி மூணு மாசம் ஆகுது," என்றாள்.

நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன்.

"மூணு மாசமா ஒரு ஞாயித்துக்கிழமை விடாம பாறைக்குப் போறான். ஷூவையும் பாத்தேன், முன்பக்கம் தேஞ்சு ஓட்டையே விழுந்திருக்கு. கயிறு மட்டும் பிரிக்கவே இல்ல. இதுக்கு என்னங்க அர்த்தம்?"

அவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். யார் எந்த மாத்திரையை எத்தனை நாளைக்கு ஒருதரம் வாங்குகிறார்கள் என்பதை வைத்தே அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். அவளிடம் தெரியாது என்று தப்பிக்க முடியாது. எனக்கும் தெரியாமல் இல்லை. லிஃப்ட் மெக்கானிக்கான எனக்குக் கயிற்றைப் பார்த்தால் அது எத்தனை நாள் உழைத்தது என்று தெரியும். இது ஒரு நாள்கூட உழைக்கவில்லை.

"கயிறு இல்லாம ஏறுறான்," என்றேன்.

"விழுந்தா?"

"விழுந்தா விழுந்ததுதான்."

அவள் அழவில்லை. கொஞ்ச நேரம் கயிற்றின் முனையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு எட்டி என் இடது மணிக்கட்டைப் பிடித்தாள். வலது கையில் சோறு.

"நீங்க போய் பிடிங்க. நீங்க பிடிச்சா வேண்டாம்னு சொல்ல மாட்டான். போன தடவை அவன் உயிரக் காப்பாத்தினது உங்க கைதானே."

இடது கையை உருவிக்கொண்டு கை கழுவ எழுந்தேன்.

அவள் தம்பிக்கு வீட்டில் பல்லி என்று பெயர். பல் கட்டும் பட்டறையில் வேலை செய்வதாலா, சுவரில் ஏறுவதாலா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். என் மாமியார் மட்டும், ரெண்டு வயசிலேயே அலமாரி மேல ஏறி உக்காந்திருந்தான், அப்பவே வச்ச பேரு என்பார். முப்பத்துமூன்று வயது. பகலெல்லாம் குனிந்து உட்கார்ந்து யார் யாருடைய வாய்க்கோ பல் செய்வான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊருக்கு வெளியே கல்லுடைத்து விட்டுப்போன மலையில் தொங்குவான். அவன் கூட்டாளிகள் கல்யாணம், குழந்தை என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கீழே நின்று கயிறு பிடிக்க ஆள் இல்லாமல் போனது. "மாமா, நீதான் நாள் முழுக்க கயித்தோட கெடக்குறியே, எனக்கும் கொஞ்சம் பிடியேன்," என்று வந்து நின்றான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. அவன் இடுப்பில் கட்டிய கயிறு என் இடுப்பில் மாட்டிய ஒரு பிரேக்குக்குள் நுழைந்து வரும். அவன் ஏற ஏற நான் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். பாறையில் ஆளுயரத்துக்கு ஒன்றாக இரும்பு வளையங்கள் அறைந்திருக்கும். அவற்றில் கயிற்றை மாட்டிக்கொண்டே போவான். விழுந்தால் நான் பிடித்துக்கொள்வேன். சின்னச் சின்னதாக நூறு தடவையாவது விழுந்திருக்கிறான், நூறு தடவையும் பிடித்திருக்கிறேன். உட்கார்ந்தபடி ஆடிக்கொண்டே சிரிப்பான்.

"உனக்குப் பயமே கிடையாதாடா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"யாரு சொன்னா? பயந்தான் மாமா. ஆனா மேல போனதும் அது சின்னதாயிடும். இந்த விரல், அந்த விளிம்பு, அவ்வளவுதான் பயம். கீழ எறங்கினா பாரு, வேல, வீடு, அம்மா முட்டிவலி, நாளைக்கு என்ன, எல்லாத்துக்கும் பயமா இருக்கும்."

எனக்கு அது புரியவில்லை. என் வேலையில் பயத்துக்குச் சட்டம் இருக்கிறது. இத்தனை பூட்டு, இத்தனை ஆணி, ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் கேட்க வேண்டும். இருபத்தொரு வருஷமாக லிஃப்ட் குழிகளில் நிற்கிறேன், விரல் நகம்கூடப் போனதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பதினாலு மாதத்துக்கு முன்னால் நடந்தது இது. அந்தப் பாறை ஆறு மாடி உயரம். நான் எதையும் மாடியாகத்தான் அளப்பேன். நாலாவது மாடி உயரத்தில் பாறைக்குத் தொப்பை. அதைத் தாண்டிவிட்டால் ஏறுகிறவன் கீழே நிற்பவன் கண்ணுக்குத் தெரியமாட்டான். குரல் மட்டும்தான் வரும். அன்றைக்கு அவன் தொப்பையைத் தாண்டி மேலே போய்ச் சேர்ந்தான். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"ஆச்சு."

நம் வீடுகளில் இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டே நாளை ஓட்டிவிடலாம். சாப்பிட்டாச்சு, குளிச்சாச்சு, பூட்டியாச்சு. கேட்கிறவனுக்கு எது என்று தெரிந்திருக்கும் என்கிற நம்பிக்கையில் முன்பாதியை விழுங்கிவிடுவோம். என் வேலையில் மேலே நிற்கிற ஆள் ஆச்சு என்றால், லிஃப்டைப் பூட்டிவிட்டேன், இனி உன் கையில் பாரம் இல்லை, விடலாம் என்று அர்த்தம். அவன் வேலையில் ஆச்சு என்றால் பல் முடிந்தது, எடுத்துக்கொண்டு போகலாம் என்று அர்த்தம். அவன் சொன்னது, ஏறி முடித்தாச்சு, வளையத்தில் கயிற்றைக் கோத்தாச்சு, என்னை இறக்கு. நான் கேட்டது, என்னைப் பூட்டிக்கொண்டாச்சு, நீ விடலாம்.

பிரேக்கிலிருந்து கயிற்றைக் கழற்றினேன். அவன் சாய்ந்தான்.

கயிறு என் காலடியிலிருந்து சர்ரென்று மேலே ஓட ஆரம்பித்தது. வெறுங்கையால் பிடித்தேன். நின்றுவிடவில்லை, ஆனால் மெதுவானது. உள்ளங்கையில் தோல் போகிற வாசனை எனக்கே வந்தது. அவன் தொப்பையைத் தாண்டி வந்தான், முதல் மாடி உயரத்தில் ஒரு புதரில் பட்டான், என் பக்கத்தில் விழுந்தான். இடது குதிகால் எலும்பு நொறுங்கியது, இடுப்பில் விரிசல், இரண்டு விலா எலும்பு. அங்கே போனில் சிக்னல் கிடையாது. சாலைவரை ஓடினேன்.

மருத்துவமனையில் என் கைக் கட்டைப் பார்த்து மாமியார் இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார். "மாப்பிள்ளை இல்லேன்னா இன்னிக்கு எம் புள்ள இல்ல," என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் எனக்குத்தான் முதல் தட்டு. வருகிறவர்களிடம் என் கையைத் திருப்பிக் காட்டச் சொல்வார். நானும் காட்டுவேன். பல்லிக்கு நினைவு திரும்பியதும் அவன் சொன்ன முதல் பேச்சு, "நான்தான் மாமா தப்பா சொல்லிட்டேன். இறக்குன்னு சொல்லிருக்கணும்."

"சரி, விடு," என்றேன்.

இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாதது ஒன்று உண்டு. வேலையில் யார் ஆச்சு என்று சொன்னாலும் நான் கையை எடுப்பதற்கு முன்னால் "விடவா?" என்று கேட்பேன். "விடு" என்று பதில் வந்தால்தான் விடுவேன். அரைத்தூக்கத்தில் இருந்தாலும் கேட்பேன், பிடிக்காதவனிடமும் கேட்பேன். இருபத்தொரு வருஷமாகத் தினமும் பத்துப் பதினைந்து தடவை வாயில் வருகிற கேள்வி அன்று வரவில்லை. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்தது. ஒன்றரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தேன். சீக்கிரம் வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும் என்றிருந்தது. ஒரு ஆளுக்கு உயிர் போகவேண்டுமானால் பெரிய காரணம் ஏதாவது இருக்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் பட்டறைக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். மேசை நிறைய வெள்ளைத் தூள். தட்டுத் தட்டாகப் பல்வரிசை அச்சுகள், ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, யாரோ நாற்பது பேர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. பல்லி முகமூடி போட்டு, மோட்டாரில் ஒரு கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கூட வேலை செய்கிறவர் வீட்டுக்குப் போயிருந்தார்.

"அக்கா அனுப்பினாளா?"

"கயிறு கட்டிலுக்கு அடியில இருந்துச்சாம்."

தலையை ஆட்டினான். மறைக்கவில்லை. தேய்த்த பல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான்.

"வாங்கத்தான் வாங்கினேன். கயிறுன்னா கீழ ஒரு ஆள் நிக்கணும் மாமா. அது எனக்கு வேண்டாம்."

"என்னை நம்பலியா?"

அவன் முகமூடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தான். உண்மையாகவே ஆச்சரியப்பட்டான் என்று நினைக்கிறேன்.

"உன்ன நம்பாம என்ன? கீழ விழுந்து கெடந்தப்போ, மயங்குறதுக்கு முன்னால, உன் மூஞ்சியப் பாத்தேன் மாமா. அத இன்னொரு தடவ யார் மூஞ்சியிலயும் பாக்க முடியாது. நான் ஒரு வார்த்த தப்பா சொன்னேன், நீ வாழ்நாள் முழுக்க கொலகாரன்னு திரிஞ்சிருப்ப. கயிறு இல்லாம விழுந்தா அது என் கணக்கு. யாரும் பதில் சொல்ல வேண்டியதில்ல. மனசு சுத்தமா இருக்கு."

"செத்தா நீ பதில் சொல்ல மாட்ட. உங்கக்கா என்னத்தான் கேப்பா."

சிரித்துவிட்டு முகமூடியை மாட்டி மோட்டாரைப் போட்டான். நான் மூன்று மாதமாக, இல்லை, பதினாலு மாதமாக, தப்பாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் கைமேல் நம்பிக்கை போய்த்தான் இப்படித் தனியாகத் திரிகிறான் என்று எண்ணி, கயிற்றைப் பார்ப்பதற்கு முன்பே அவன் கண்ணில் படாமல் ஒதுங்கியிருந்தேன். இவன் என்னடாவென்றால் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சாகக் கிளம்பியிருக்கிறான். அதுவும் செய்யாத தப்புக்கு. உப்பைத் தின்றவன் நான், தண்ணீர் குடிக்கிறவன் அவன்.

சொன்னேன். மோட்டார் சத்தத்தில் சொல்லிவிட்டேன், அதுதான் சுலபமாக இருந்தது.

"என்ன?" என்றான், பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் மோட்டாரை நிறுத்தினான். அந்த அறையில் அவ்வளவு அமைதி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கீழே தெருவில் யாரோ ஒரு கடைக் கதவை இழுத்து மூடினார்கள்.

"அன்னிக்கு நீ தப்பா சொல்லல," என்றேன். "நான்தான் கேக்கல. வேலையில யாரு ஆச்சுன்னு சொன்னாலும் விடவான்னு கேட்டுட்டுத்தான் கைய எடுப்பேன். அன்னிக்குக் கேக்கல."

"ஏன்?"

"கழுத்து வலிச்சுச்சு. கிளம்பணும்னு இருந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கழுத்து வலி," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தான். கையிலிருந்த பல்லை அதன் அச்சில் வைத்தான். சரியாக உட்காரவில்லை. எடுத்துத் திரும்ப வைத்தான். "பதினாலு மாசமா அந்த ஒரு வார்த்தையத்தான் மாமா வாயில போட்டு மென்னுக்கிட்டு இருக்கேன். வேல செய்யும்போது, குளிக்கும்போது. ஏன் இறக்குன்னு சொல்லாம ஆச்சுன்னு சொன்னேன்னு."

நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் உட்காரச் சொல்லவில்லை.

"அம்மா உனக்கு முத தட்டு வைக்கிறப்போ எல்லாம் எனக்கு வெக்கமா இருக்கும், உன்ன இந்த நெலமைக்குக் கொண்டாந்துட்டேனேன்னு." அவன் குரல் உயரவே இல்லை. "நீ போ மாமா. எனக்கு நாளைக்குக் குடுக்க வேண்டியது ரெண்டு செட் இருக்கு."

வீட்டுக்கு வந்து மனைவியிடமும் சொன்னேன். ஒரே நாளில் இரண்டு பேரிடம் சொல்வது ஒருவரிடம் சொல்வதைவிடச் சுலபம், தலைக்குமேல் போனபிறகு சாண் என்ன முழம் என்ன. அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பாமலே முழுவதும் கேட்டாள்.

"அப்போ இந்தத் தழும்பு?"

"விட்டதுக்கு அப்புறம் பிடிச்சது."

கழுவின பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கையைத் துடைத்தாள்.

"உங்கள அப்புறம் வச்சுக்கிறேன். ஞாயித்துக்கிழமை போறீங்களா, இல்லையா?"

"அவன் என்னை வரச் சொல்லலையே. போன்னுதான் சொன்னான்."

"விழும்போது உங்ககிட்ட சொல்லிட்டா விழப்போறான்?"

அதற்குப்பின் நான்கு நாட்கள் என்னுடன் தேவைக்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கயிறு வாசற்கதவுப் பக்கம், என் வேலைப்பைக்கு மேலேயே இருந்தது. போகும்போதும் வரும்போதும் காலில் தட்டும்படி வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பாறைக்குப் போய்ச் சேர்ந்தேன். அவனுடைய பழைய ஸ்கூட்டர் நின்றது. அடிவாரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். காற்று கொஞ்சம் பலமாக இருந்தது. அந்தப் பாறைதான், தொப்பை வைத்த பாறை. கயிற்றையும் பிரேக்கையும் இடுப்புப் பட்டைகள் இரண்டையும் கீழே வைத்தேன்.

"அக்கா அனுப்பினா, வந்துட்ட."

"நானாத்தான் வந்தேன்."

"பதினாலு மாசம் பொய் சொன்னது போதும் மாமா."

"சரி. அவதான் அனுப்பினா. அனுப்பலேன்னாலும் வந்திருப்பேன்."

அவன் வழுக்காமல் இருக்க வெள்ளைப் பொடியைக் கையில் தேய்த்துக்கொண்டு எழுந்தான். "நான் கயிறு இல்லாமத்தான் ஏறப்போறேன்."

"ஏறு."

"நீ கிளம்பு."

"நான் எதுக்குக் கிளம்பணும்? இது பொது எடம். இங்கயே நிப்பேன்."

"நீ நின்னா என்னால ஏற முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதான் நிக்கிறேன்," என்றேன். "நீ கட்டிக்கிட்டு ஏறினாலும் நான் கீழ நிப்பேன், கட்டிக்காம ஏறினாலும் நிப்பேன். இந்த ஞாயித்துக்கிழமை, அடுத்த ஞாயித்துக்கிழமை, எல்லா ஞாயித்துக்கிழமையும் வருவேன். என் மூஞ்சியப் பாக்காம உன்னால விழ முடியாது."

இதை நான் யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. வாயில் வந்தது. சொன்னபிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது. அவன் என்னை முறைத்தான். சின்ன வயதில் அலமாரியிலிருந்து இறக்கிவிட்டால் இப்படித்தான் முறைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன். பாறையில் கையை வைத்தான், ஒரு காலைத் தூக்கி வைத்தான், அப்படியே கொஞ்ச நேரம் நின்றான். காலை இறக்கினான்.

"கயித்துப் பட்டையக் கிழி," என்றான்.

புதுக் கயிறு முறுக்கிக்கொண்டு படியாமல் அடம்பிடித்தது. அதை நீவி விரிப்பதற்கே பத்து நிமிடம் ஆனது. அவன் இடுப்பில் முடிச்சுப் போட்டான். நான் இழுத்துப் பார்த்தேன். என் பிரேக்கில் கயிறு சரியாகப் போகிறதா என்று அவன் பார்த்தான். போய் நின்று திரும்பி வந்து மறுபடி பார்த்தான். மூன்றாவது தடவையும் வந்தான். பார்க்கட்டும் என்று கையை விரித்து நின்றேன்.

"மேல போனதும் நான் முழுசா சொல்லுவேன். நீ அதத் திருப்பிச் சொல்லணும். நீ திருப்பிச் சொல்லாம நான் சாய மாட்டேன். நான் சொல்லாம நீ விடக்கூடாது."

"நீ சொல்லாம விடமாட்டேன்."

"அன்னிக்குச் சொன்ன அந்த வார்த்தையே வேண்டாம்."

"வேண்டாம்."

"நம்புறியாடா?" என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"தெரியல மாமா. ஏறினாத்தான் தெரியும்."

முதல் வளையம்வரை விறுவிறுவென்று போனான். கயிறு இல்லாமல் மூன்று மாதம் ஏறினவனுக்கு அது படிக்கட்டு. இரண்டாவதில் நின்றான். "பிடிச்சிருக்கியா?" என்றான். "பிடிச்சிருக்கேன்," என்றேன். மூன்றாவது வளையத்தில் மறுபடி கேட்டான். அதன்பிறகு வளையத்துக்கு வளையம், நடுவிலும், கேட்டுக்கொண்டே போனான். முன்பெல்லாம் கேட்கவே மாட்டான். அவன் உடம்பில் அதுவரை நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். நாலாவது மாடியில், தொப்பைக்குக் கீழே, அவன் இடது கால், குதிகால் உடைந்த கால், தையல் மெஷின் ஊசி ஓடுகிற வேகத்தில் துடித்தது. கயிறு இல்லாதபோது இந்தக் கால் துடித்திருக்காது என்று நினைக்கிறேன். தனியாக இருக்கிறவனுக்குப் பயப்பட இடமே கிடையாது. கீழே ஒரு ஆள் வந்ததும் பயமும் கூடவே வந்துவிட்டது. ஒருவேளை நான் அவனைக் கொல்லத்தான் வந்திருக்கிறேனோ என்றுகூடத் தோன்றியது.

"பிடிச்சிருக்கியா?"

"பிடிச்சிருக்கேன் மாப்ள. நேரம் எடுத்துக்கோ."

கால் நிற்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கையை வீசித் தொப்பையின் விளிம்பைப் பிடித்தான், உடம்பைச் சுருட்டி மேலே போட்டான், மறைந்தான்.

அதற்குப்பின் எனக்கு அவன் கிடையாது, கயிறுதான். கயிறு விரற்கடை விரற்கடையாக மேலே போயிற்று. நின்றது. போயிற்று. அப்புறம் நின்றுவிட்டது. காற்று இதற்குள் வலுத்து, பாறையின் ஓரத்தில் மோதி ஊளையிட்டது. அதற்கு நடுவில் அவன் குரல் கேட்டது. குரல்தான் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. நீளமாக ஏதோ சொன்னான். 'இறக்கு' என்றும் இருக்கலாம், 'இரு' என்றும் இருக்கலாம்.

"கேக்கல. முழுசா சொல்லு," என்று கத்தினேன்.

மறுபடி ஒரு ஓசை. கயிறு இரண்டு தடவை வெடுக்கென்று இழுபட்டது. சற்றுக் கழித்து மூன்று தடவை. இழுத்தால் என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசி வைக்கவில்லை. முட்டாள் இரண்டு பேர், என்ன வார்த்தை சொல்வது என்று அவ்வளவு பேசினோம், காற்று அடித்தால் என்ன செய்வது என்று பேசவில்லை. இரண்டு கையாலும் கயிற்றைப் பிரேக்குக்குக் கீழே இறுக்கிப் பிடித்தேன். தெரியாதவரைக்கும் விடக்கூடாது. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு எறும்பு என் மணிக்கட்டில் ஏறி முழங்கைவரை போய்த் திரும்பி வந்தது. கழுத்து வலித்தது. வலிக்கட்டும் என்று அண்ணாந்தே நின்றேன். மேலே என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். கோத்துவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கிறான். கோக்க முடியாமல் நிற்கிறான். மயங்கிவிட்டான். சாய்ந்துகொண்டிருக்கிறான், இந்த நிமிடம் சாய்கிறான். கயிற்றில் பாரம் இருக்கிறதா என்று பார்த்தேன், இருக்கிற மாதிரியும் இருந்தது, காற்றின் இழுப்பு மாதிரியும் இருந்தது. அவன் பத்து வயதில் எங்கள் கல்யாணத்தில் நாற்காலிகளை அடுக்கி அதன்மேல் நின்றது ஞாபகம் வந்தது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை என்பதும் ஞாபகம் வந்தது. மூக்கு ஒழுகியது, துடைக்கவில்லை. துடைக்கக் கை இல்லை. சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன், பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன் என்று, யாரும் கேட்காமலே.

பக்கவாட்டில் சரளைக்கல் உருண்டது.

"மாமா."

திரும்பவில்லை. என் கண் தொப்பையின் விளிம்பிலேயே இருந்தது. குரல் பக்கத்திலிருந்து வருகிறது என்பது மண்டையில் ஏறவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பின்பக்கச் சரிவு வழியாக இறங்கி வந்திருக்கிறான். முள் கீறி முழங்கையில் ரத்தம். காலைச் சற்று இழுத்து நடந்து வந்து என் எதிரே நின்றான். இடுப்பில் பட்டை மட்டும் இருந்தது.

"நீ திருப்பிச் சொன்னது எனக்குக் கேக்கல. அதான் சாயல," என்றான். "கயித்த மேல வளையத்துல கட்டிட்டு, நடந்தே எறங்கிட்டேன். இருபது நிமிஷம் ஆயிருக்கும்."

"சரி," என்றேன்.

"மேல யாரும் இல்ல மாமா."

"தெரியுது."

"விடு."

விடத்தான் பார்த்தேன். மனது விட்டுவிட்டது, கை விடவில்லை. இரண்டு கையும் பிரேக்குக்குக் கீழே கயிற்றில் மடங்கி, மூட்டெல்லாம் வெளுத்து, வேறு யாருடைய கையோ என்பதுபோல் இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். எதைப் பார்க்க மாட்டேன் என்று மூன்று மாதம் தனியாகத் திரிந்தானோ அதையேதான் பார்த்தான் என்று நினைக்கிறேன். ஆனால் கண்ணைத் திருப்பிக்கொள்ளவில்லை.

கையிலிருந்த வெள்ளைப் பொடியைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். என் வலது கையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பல் அச்சைத் திருப்பிப் பார்க்கிற கவனத்தோடு இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தான்.